டிரேட்: வர்த்தகம் அன்று, மாற்று

கூடைப்பந்துச் செய்திகளில் ‘வர்த்தக மதிப்பு’ என்ற தொடர் லாலான் புல்லாக மண்டிவிட்டது. தடுமாறும் ஆட்டக்காரருக்கு வர்த்தக மதிப்பு சரிந்துவிட்டதாம். பெஞ்சில் உட்கார வைத்ததால் அது மேலும் சரிந்ததாம். பிப்ரவரியில் வர்த்தகக் காலக்கெடு வேறு வருகிறதாம். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்த ஆட்டங்கள் பசியாறும் வேளையில்தான் வரும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கினால், குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 8.30. ஒட்டுக்கடை மேசையில், சீனி டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்தபடியே இளைஞர்கள் வாதாடுவார்கள். அவர்கள் வாயில் வருவது ‘டிரேட்’. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அன்று ஒருவர் அதையே தமிழ்ச் செய்தியிலிருந்து உரக்கப் படித்தபோதுதான், பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி தலையை நிமிர்த்தினார்.

“ஏன் தம்பி, அந்தப் பையன் பந்து விளையாடுகிறானா, கடை வைத்திருக்கிறானா?”

“பந்துதான் தாத்தா. சரியாக ஆடவில்லை, அதனால் விற்கப் பார்க்கிறார்கள்.”

“ஆளையா?”

நியாயமான கேள்வி. ஆளை யாரும் விற்கவில்லை. வர்த்தகமும் நடக்கவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-வில் டிரேட் என்பது, ஓர் அணி தன் ஆட்டக்காரரை அவருடைய ஒப்பந்தத்தோடு இன்னோர் அணிக்குக் கொடுத்து, ஈடாக அந்த அணியின் ஆட்டக்காரரையோ வருங்காலப் புதுமுகத் தேர்வில் ஆளெடுக்கும் உரிமையையோ பெற்றுக்கொள்வது. ஒப்பந்தத்தில் உள்ள சம்பளம் அப்படியே தொடரும். கொடுக்கும் கை மட்டும் மாறும். ரொக்கமும் ஓரளவு சேரலாம். அதற்கும் வரம்பு உண்டு.

ஆங்கிலச் சொல்லின் கதை சுருக்கமானது. தாழ் ஜெர்மன் மொழியில் அதற்குத் தடம், கப்பல் செல்லும் வழி என்று பொருள். மிதித்தலைக் குறிக்கும் ‘டிரெட்’ அதற்கு உறவு. தடம் வழக்கமாகி, வழக்கம் தொழிலாகி, தொழில் வாணிகமாயிற்று. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது என்ற பொருள் பிறகு கிளைத்தது. அமெரிக்க விளையாட்டுத் திடலுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கிளைதான். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து, முதல் பொருளைப் பார்த்த கையோடு மூடிவிட்டார்.

‘வர்த்தகம்’ வடசொல் என்பது என் வழக்கு இல்லை. எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் பெயரிலேயே ‘கலாசாலை’ இருக்கிறது. அதனால் அங்கே படித்தவர்களின் தமிழ் கெட்டுவிடவில்லை. தூய்மை பேசும் நண்பர் ஒருவர் இதைத் திருத்துவதாகச் சொல்லி ‘வணிக மதிப்பு’ என்று எழுதினார். வர்த்தகம் போயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. இன்னொருவர் முழுத் தமிழாக ‘விற்பனை மதிப்பு’ என்றார். இது முன்னதைவிட மோசம். வர்த்தகம் என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாமல் போகும். விற்பனை என்றால் தப்பாகப் புரியும். புரியாதவராவது திருப்பிக் கேட்பார்.

விற்பனை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் கால்பந்தில் வளர்ந்தவர்கள். கூடைப்பந்து எங்கள் பக்கம் பெரும்பாலும் சீனப்பள்ளித் திடலில் ஆடப்படுவது. கால்பந்தில் உண்மையாகவே விலை உண்டு. 2017-இல் நெய்மாருக்காகப் பாரிஸ் அணி 22 கோடியே 20 லட்சம் யூரோவை எடுத்துவைத்தது. பணம் ஒரு பக்கம் போனது, ஆள் மறுபக்கம் வந்தார். அங்கே ‘விற்றார்கள்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லைக் கூடைப்பந்துக்கும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் கோளாறு.

கோளாறு வெறும் சொல்லழகைப் பற்றியது அன்று. விற்பனையில் ஒரு பொருளின் விலை எவ்வளவு இறங்கினாலும் சுழியத்தில் நின்றுவிடும். மாற்றில் அப்படி நிற்காது, அதற்கும் கீழே போகும். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கென்று வைத்த உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் ஒருவரைக் கொடுக்கும்போது, வெளியே போகும் சம்பளமும் உள்ளே வரும் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே பெரிய சம்பளக்காரர் ஒருவர் சறுக்கினால் அவரை வாங்குகிறவர் உதவி செய்வதாகவே நினைத்துக்கொள்வார். அந்த உதவிக்குக் கூலியும் கேட்பார்.

ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோகும் நிலையில் ஆடுபவர். லேக்கர்ஸ் அணியில் 2022–23 பருவத்தில் அவருடைய சம்பளம் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர். பந்து கூடையில் விழ மறுத்தது. 2022 அக்டோபர் 28 அன்று மினசோட்டாவுக்கு எதிராக அவரைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல், ஆட்டத்தின் நடுவே பெஞ்சிலிருந்து இறக்கினார் பயிற்றுநர் டார்வின் ஹாம். 2008-க்குப் பிறகு பருவ ஆட்டம் ஒன்றில் வெஸ்ட்புரூக் அப்படி வந்தது அதுவே முதல்முறை. மறுபிப்ரவரியில் மூன்று அணிகள் கூடிப் பேசி அவரை யூட்டாவுக்கு அனுப்பின. அவரோடு லேக்கர்ஸ் இன்னும் இரண்டு ஆட்டக்காரர்களையும், நிபந்தனையோடு 2027-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் கொடுத்தது. அந்த உரிமை இல்லாமல் ஈடாக வந்த டிஏஞ்சலோ ரஸ்ஸல் உள்ளிட்ட மூவரும் லேக்கர்ஸுக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். இதை ‘விற்பனை மதிப்பு’ என்ற தொடரை வைத்துக்கொண்டு விளக்கிப் பாருங்கள். சரக்கையும் கொடுத்து, மேலே காசும் கொடுத்து அனுப்பிய வியாபாரியை எந்தச் சந்தையில் பார்த்திருக்கிறீர்கள்? மாற்று என்று சொன்னால் சிக்கலே இல்லை. தட்டு சமனாகவில்லை, சமனாக்க ஒன்றைச் சேர்த்தார்கள்.

ஒட்டுக்கடைச் சண்டையின் மற்றப் பாதியும் இதே வகை மொழிபெயர்ப்பில்தான் குழம்புகிறது. பெஞ்சில் வைத்தார்கள் என்பதற்கு ‘ஓரங்கட்டப்பட்டார்’, ‘நீக்கப்பட்டார்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். நீக்கப்பட்டவர் எப்படி அன்றைக்கே திடலில் இறங்கி ஆடினார் என்று படிப்பவன் கேட்கமாட்டானா? பெஞ்சிலிருந்து வருவது ஒரு பதவி. ஆறாவது ஆட்டக்காரருக்கென்று 1983 முதல் தனி விருதே கொடுக்கிறார்கள். வெஸ்ட்புரூக் பெஞ்சுக்குப் போனதால் மதிப்பு குறைந்ததா, அங்கிருந்து வந்து நன்றாக ஆடியதால் கூடியதா என்பதுதான் அன்று ரசிகர்களின் வாதம். ‘ஓரங்கட்டப்பட்டார்’ என்று எழுதிய கை அந்த வாதத்துக்குத் தானே தீர்ப்பும் சொல்லிவிட்டது. ‘தொடக்க ஐவரிலிருந்து எடுத்தார்கள்’ என்றால் போதும். பெஞ்சு என்ற சொல்லை மாற்றவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அதில்தானே உட்கார்ந்து எழுதினோம். தோட்டத்தில் விடிகாலையில் ஆள்கணக்கு எடுப்பதற்குப் ‘பெரட்டு’ என்று சொன்ன தலைமுறை, அது ஆங்கிலம் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கார்டும் அப்படித்தான். அதைக் ‘காவலர்’ ஆக்கியே தீர வேண்டும் என்று சிலருக்கு ஒரு வெறி. இந்த நாட்டில் காவலர் என்றால் போலீஸ்காரர், இல்லையென்றால் பள்ளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாகா. ‘தடுமாறும் காவலர் வெளியே உட்கார வைக்கப்பட்டார்’ என்ற தலைப்பைப் பார்த்தால் நான் வேறு எதையோ நினைப்பேன். தொடக்க காலத்தில் தம் கூடையைக் காத்து நின்றதால் வந்த பெயர் அது. இன்று பந்தை முன்னே கொண்டுபோவதே அவர்கள்தான். சீனர்கள் ‘பின்காவல்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்து, பாயிண்ட் கார்டுக்குப் ‘பந்தை ஆளும் பின்காவல்’ என்று அடை சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தோடு மூன்று நான்கு தலைமுறை பழகியவர்கள், அவர்களுக்குப் பொருந்துகிறது. நமக்குக் கார்டு போதும்.

டிரேடையும் அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விட்டிருக்கலாம், நல்ல சொல் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால். குறுந்தொகையில் ஒரு பெண், தன் தாய் ‘உப்பை மாறி’ வெண்ணெல் கொண்டுவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள் என்கிறாள். காசு இல்லை, கடை இல்லை. உப்பைக் கொடுத்தால் நெல். அங்கே வரும் வினை ‘மாறு’. அதிலிருந்து வந்ததுதான் பண்டமாற்று. ஈப்போவில் ரிங்கிட்டைக் கொடுத்து ரூபாய் வாங்கும் இடத்துக்கும் நாணய மாற்றுக் கடை என்றுதான் பெயர். பண்டத்தைக் கொடுத்துப் பண்டம் பெறுவது பண்டமாற்று என்றால், ஆளைக் கொடுத்து ஆளைப் பெறுவது ஆள்மாற்று. டிரேட் வேல்யூ மாற்று மதிப்பு. பொன்னின் தரத்தையும் நாம் மாற்று என்றுதான் சொல்கிறோம். ‘மாற்றுக் குறைந்துவிட்டது’ என்றால் நம் வீட்டுப் பாட்டிக்கும் விளங்கும்.

‘இடமாற்றம்’ ஏன் கூடாது? ஆசிரியருக்கு மாற்றல் வந்தால் அவர் போவார். அவருக்கு ஈடாக அந்தப் பள்ளி இன்னோர் ஆசிரியரைக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கொடுத்து வாங்குவது அந்தச் சொல்லில் இல்லை. ‘பரிமாற்றம்’ பரவாயில்லை, மாணவர் பரிமாற்றம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் போன மாணவர் திரும்பி வருவார், பரிமாற்றத்தில் அந்த நட்பு இருக்கிறது. டிரேடில் அது கிடையாது. ஆடும்போது இறக்கும் மாற்று ஆட்டக்காரரோடு குழம்பாதா என்றும் ஒருவர் கேட்டார். குழம்பும். அவரைப் பதிலாள் என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது.

ஆள்மாற்றில் ‘ஆள்’ உறுத்துகிறது என்று சொன்னவரும் உண்டு. எனக்கும் உறுத்துகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், லயத்தில் இருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அந்த நிலைமையில்தான் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். ஆளைக் கேட்காமல் ஆளின் இடத்தை முடிவுசெய்வது எங்களுக்குப் புதிய செய்தி அன்று. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரைத் தோட்டத் தொழிலாளியோடு சேர்த்துப் பேசவில்லை, அது அசட்டுத்தனம். ஆனால் பெரும்பாலான டிரேடில் ஆட்டக்காரரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை என்பது உண்மை. அந்த உறுத்தல் சொல்லிலும் இருக்கட்டும். ‘வர்த்தகம்’ அதை மழுப்பிவிடுகிறது.

சம்மதம் கேட்கத்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் ஆட்டக்காரர் மிகச் சிலர். பிராட்லி பீல் அவர்களில் ஒருவர். 2022-இல் வாஷிங்டன் அணியோடு ஐந்து ஆண்டுக்கு 25 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம், அதில் இந்த விதி. மறு ஆண்டு ஃபீனிக்ஸ் அணிக்கு மாறியபோது விதியும் கூடவே போயிற்று. 2025 ஜனவரியில் ஃபீனிக்ஸ் அவரைப் பெஞ்சிலிருந்து இறக்கத் தொடங்கியது. மாற்றிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. இந்த விதியைத் தமிழில் ‘வர்த்தகத் தடை’ என்று போட்டிருந்தார்கள்! ஏதோ நாட்டின்மேல் பொருளாதாரத் தடை விதித்ததுபோல. தடை யாருக்கு, யார் விதித்தது, ஒன்றும் விளங்காது. ‘சம்மதமின்றி மாற்றலாகாது’ என்பது விதி. சுருக்கமாக வேண்டுமென்றால் மாற்றுச் சம்மத உரிமை. பிப்ரவரியில் வரும் அந்த நாள் மாற்றுக் கெடு. ‘வர்த்தகக் காலக்கெடு’ என்பதை உள்நாட்டு வாணிப அமைச்சு வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியில் பீலை மாற்றிக்கொள்ள அணி எதுவும் அமையவில்லை. 2025 ஜூலையில் ஃபீனிக்ஸ், மீதிச் சம்பளத்தில் ஒரு பகுதியை அவர் விட்டுக்கொடுக்க, மற்றதைத் தர ஒப்புக்கொண்டு விடுவித்தது. அவர் கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார். இதற்கு ஆங்கிலத்தில் பைஅவுட். ‘வாங்கி வெளியேற்றினார்கள்’ என்று ஒரு செய்தி எழுதியது. கிராணியிடம் என்ன நடந்தது என்பதை மட்டும் விளக்கிவிட்டு, இதற்கு என்ன சொல்லலாம் என்று கேட்டேன். மேசைமேல் இருந்த காப்பிக் குவளையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

“கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.”