காலணிக்குள் கிடந்த சட்டைப் பொத்தான்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு சட்டைப் பொத்தான் உருண்டு தரையில் விழுந்தது. காலுறையில் ரத்தக்கறை. கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானின் வட்டம் அப்படியே பதிந்து, தோல் பிய்ந்திருந்தது. காலையில் சந்தைக்குப் போய், வீட்டுக்குத் திரும்பி, அப்புறம் பேருந்து பிடித்து இங்கே வந்திருக்கிறார். அத்தனை தூரமும் அந்தப் பொத்தான் மேல்தான் நடந்திருக்கிறார்.

"வலிக்கலையா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லையேம்மா. இனிப்பு நீர் வந்து பதினைந்து வருஷம் ஆச்சு, காலில் ஒரு தொந்தரவும் கிடையாது."

அவர் நிம்மதியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பலதுறை மருந்தகத்தில் தாதியாக நீரிழிவுக்காரர்களின் பாதங்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறேன். "வலி இல்லை" என்று நம்மவர்கள் சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால் கால் விரலுக்கும் மூளைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கட்டைவிரலின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பணு காலில் இல்லை. அதன் உடல் இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சின்ன நரம்பு முடிச்சுக்குள் இருக்கிறது. அந்த உடல் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கிருந்து ஆக்சான் என்ற இழை ஒன்று தொடை, முழங்கால், கணுக்கால் வழியாக இறங்கி விரல் நுனி வரை வருகிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இத்தனையும் ஒரே ஓர் உயிரணு! அந்த உயிரணுவின் உடலை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கித் தேக்கா சந்தையில் வைத்தால், அதன் வால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கம் வரை போகும்.

விரலில் ஏதாவது அழுத்தினால் இழையின் சுவரில் இருக்கும் நுண்ணிய வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின் அழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றம் பக்கத்து வாசலைத் திறக்கிறது, அது அடுத்ததை. இப்படியே செய்தி மேலே ஏறுகிறது. மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகளில் செய்தி வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடும். உறையில்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கதவு நிலையில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் இடித்தது உடனே தெரிகிறது, உயிர் போகிற வலி ஒரு கணம் கழித்து வருகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

முள் குத்தினால் காலை இழுத்துக்கொள்ளும் முடிவைத் தண்டுவடமே எடுத்துவிடும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போகும். ஆனால் கீழிருந்து செய்தி வந்தால்தான் தண்டுவடமும் வேலை செய்யும், மூளையும் வேலை செய்யும்.

இழை உயிரோடு இருக்கத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை இடுப்புப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து இழைக்குள்ளேயே நகர்ந்து விரல் வரை வர வேண்டும். வேகமாக வரும் சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். மெதுவானது ஒரு நாளில் சில மில்லிமீட்டர். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்புக்குள்ளும் சர்க்கரை கூடுகிறது, நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெடுகின்றன. முதலில் காய்வது கடைமடைதான். அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல்களிலும் ஆரம்பிக்கும்.

சிலருக்கு எரிச்சல் இருக்கும், எறும்பு ஊர்வது போலிருக்கும், பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கும். அவர்களாவது மருத்துவரிடம் வந்துவிடுகிறார்கள். நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை எதையும் உணர்வதில்லை. செய்தி வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனால், நின்றுபோனது மூளைக்குத் தெரிவதில்லை. கால் நன்றாக இருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்கிறது.

உணர்வு போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் சிதைகின்றன என்று அவர் கண்டுகொண்டார். தூங்கும்போது எலி கடித்ததைக்கூட அறியாதவர்கள் இருந்தார்களாம். அதே பாடம்தான் பிற்பாடு நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் செய்யும் சோதனை மிக எளிது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொடுவோம். பெரியவரை ஒவ்வொரு பாதத்திலும் பல இடங்களில் தொட்டேன். குதிகாலில் மட்டும் "ம்" என்றார். மற்ற இடங்களில், "எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இனிப்பு நீர் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2016-லேயே அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. நம் இந்தியச் சமூகத்தில் இந்த நோய் கூடுதல் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை அளவைக் கேட்டால் எண்ணோடு சொல்கிறோம். உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றால் பதில் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். தாவர உணவில் அது அநேகமாக இல்லை என்பதால், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. பி12 குறைந்தால் மையலின் உறை கெடும். காலோடு நிற்காமல் தண்டுவடமே பாதிக்கப்படலாம். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் பாதை தண்டுவடத்தின் பின்பக்கம் போகிறது. அது பழுதானால் வெளிச்சத்தில் கண் சமாளித்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ அப்படிச் சொன்னால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

காலணியைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். கால் வலிக்கு வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம். சூட்டை உணரும் மெல்லிய இழைகள் சீக்கிரமே போய்விடுவதால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கோயிலுக்குக் கல்தரை சுடுவதற்கு முன்பே, காலையில் போய்விடுங்கள். தைப்பூசத்துக்குத் தேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடக்கவோ, தீமிதித் திருவிழாவில் தீ மிதிக்கவோ வேண்டுதல் இருந்தால், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காலைக் காட்டிவிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

காயத்துக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் பெரியவர் கேட்டார், "செத்த நரம்பு திரும்பி வருமா?" பெரும்பாலும் வராது என்று உண்மையைச் சொன்னேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இனி போவதைத் தள்ளிப்போடலாம், அதுவரை கால் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். குனிந்தால் முழங்கால் மடங்காது என்று தயங்கினார். யாராவது கைபேசியில் படம் எடுத்துக் காட்டட்டுமே என்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேதி வாங்காமலே வந்து நின்றார். கைபேசியை நீட்டினார். பேத்தி தினமும் இரவு எடுத்த உள்ளங்கால் படங்கள் வரிசையாக இருந்தன. முந்தின நாள் படத்தில் இடது குதிகாலில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. அதைக் காட்டத்தான் வந்திருந்தார்.