மேயருக்கு எந்த பட்டனை அழுத்துவது?

2022 பிப்ரவரி 19 அன்று, சென்னை மாநகராட்சித் தேர்தலில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்த மூதாட்டி ஒருவர், விரலில் வைத்த மை காய்வதற்குள், “கவுன்சிலருக்குப் போட்டுட்டேன், மேயருக்கு எங்கப்பா போடறது?” என்று வாசலில் நின்றவர்களிடம் கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் நினைவில் பிழையில்லை. 2011 அக்டோபரில் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என இரண்டு வாக்குகளை அவர் அளித்திருக்கிறார்.

இப்போது நடைமுறையில் உள்ளது மறைமுகத் தேர்தல். வாக்காளர் தம் வார்டுக்கான மாமன்ற உறுப்பினரை, அதாவது கவுன்சிலரை, மட்டும் தேர்ந்தெடுக்கிறார். சென்னையில் அப்படித் தேர்வான 200 உறுப்பினர்களும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கூடித் தங்களுள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணை மேயர் தேர்வும் அவ்வாறே. சென்னையில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மறைமுகமாகத் தேர்வு நடந்தது. அதன்பின்னும் சட்டம் அங்குமிங்கும் மாறி, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுக முறைக்கே திரும்பியது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை 2011-இல்தான் சென்னையோடு இணைந்தன என்பதால், அங்குள்ளவர்கள் சென்னை மேயருக்கு நேரடியாக வாக்களித்தது அந்த ஒரே முறைதான். முந்தைய நகராட்சித் தலைவர் பதவியும் இணைப்போடு போய்விட்டது. இந்த இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மேயராக வருபவர் முதலில் ஏதேனும் ஒரு வார்டில் வென்றாக வேண்டும், அதற்கு அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 2022-இல், திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74-ஆவது வார்டில் வென்ற ஆர்.பிரியா மார்ச் 4 அன்று போட்டியின்றித் தேர்வானார். வார்டுகளிலும் பாதி இடங்கள் பெண்களுக்கானவை.

வடசென்னையின் ஆறு மண்டலங்களில், அதாவது திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரை, 1 முதல் 78 வரையிலான வார்டுகள் உள்ளன. மேயரைத் தேர்ந்தெடுக்கும் 200 வாக்குகளில் 78 நம் பக்கத்திலிருந்து செல்கின்றன என்பது சிறிய கணக்கன்று. மண்டலக் குழுத் தலைவரையும் அந்தந்த மண்டலத்தின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். அன்றாட நிர்வாகமோ அரசு நியமிக்கும் ஆணையரின் கையில் இருக்கிறது.

மாநகராட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியலுக்கெனத் தனி விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வைத்தே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டுவாரிப் பட்டியலைத் தயாரிக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரத்துக்கு வீடு மாற்றிய பிறகும் பழைய முகவரியிலேயே பெயர் இருந்தால், பழைய வார்டின் கவுன்சிலருக்குத்தான் வாக்களிக்க முடியும். ஆகவே முகவரி மாற்றத்துக்கான 8-ஆம் எண் படிவத்தைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு நிறைவடைகிறது.