எஃப் 22-ல் தட்டானின் கண் ஏன் கரைகிறது?

“லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரைச் சுருக்கினால் தெளிவு கூடும் என்றார்கள். மதுரை வண்டியூர் கண்மாயில், சிறியதை மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்டுத் தட்டானை எஃப் 22-ல் எடுத்தேன். எல்லாமே மழுங்கலாக வந்தது. லென்ஸ் கோளாறா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

லென்ஸ் மேல் பழியில்லை. எஃப் எண் கூடக் கூட துளை சிறுக்கும். துளை சிறுத்தால் முன்பின் தெளிவு கூடும் என்பது பள்ளிப் பாடம்தான். பூச்சியும், கேமராவில் படம் பதியும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், எஃப் 8-ல் கிடைக்கும் முன்பின் தெளிவின் ஆழம் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவில் ஏறக்குறைய 0.6 மி.மீ.; எஃப் 22-ல் 1.8 மி.மீ. அந்த ஆசையில்தான் எல்லோரும் சுருக்குகிறோம்.

ஆனால் ஒளி ஓர் அலை. குறுகிய துளை வழியே நுழைந்தால் விளிம்பில் வளைந்து பரவும். அதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாது, சிறு வட்டமாக விழும். இந்த உருப்பெருக்கத்தில் சென்சாருக்கு எட்டுவது எஃப் எண்ணின் இரு மடங்கு: 22 என்பது 44 ஆகிவிடும். பச்சை ஒளிக்கு அந்த வட்டம் 0.06 மி.மீ. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் 0.004 மி.மீ.தான், ஒரு புள்ளி பதினைந்து பிக்சல் அகலத்துக்கு வழிகிறது. தட்டானின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு கண்ணறையும் சுமார் 0.03 முதல் 0.05 மி.மீ. வட்டம் அதைவிடப் பெரிது. பக்கத்துப் பக்கத்து அறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தேன்கூடு போலிருக்க வேண்டிய கண் வழவழப்பான கோலிக்குண்டாகிவிடுகிறது. எஃப் 8-ல் வட்டம் 0.02 மி.மீ.; அறுகோணங்களை எண்ணலாம்.

எனவே எஃப் 8 முதல் 11 வரை நில்லுங்கள். ஆழக் குறையை கோணத்தால் ஈடுகட்டுங்கள்: தட்டானின் உடல் சென்சாருக்கு இணையாக, பக்கவாட்டில் இருக்கட்டும். ஃபோகஸைக் கையால் பூட்டி, கேமராவை மயிரிழை முன்பின் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். எஃப் எண் இரு மடங்காவதுபோல் ஆவதால் சென்சாருக்கு எட்டும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும்; அதனால் ஃபிளாஷ் வேண்டும். பதினாறில் ஒரு பங்கு சக்தியில் அது மின்னும் நேரம் மிகக் குறைவு, கை நடுக்கம் பதியாது. ஃபிளாஷுக்கு முன்னால் ஒளியைப் பரப்பும் வெள்ளைத் திரையான டிஃப்யூசர் இல்லாவிட்டால் பளபளக்கும் கண்ணில் வெள்ளைத் திட்டு விழும்.

ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலையே நல்ல நேரம். குளிரில் தட்டானின் பறக்கும் தசைகள் சூடேறியிருக்காது. இறக்கையில் பனியோடு கோரையில் அசையாமல் தொங்கும். இதே குளிரை வேண்டி பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அது இயற்கைப் படமாகாது, பூச்சியும் சாகலாம். காற்றடித்தால் இடக்கையால் கோரைத் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்குங்கள்; பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும்.