கேட்டது அணைக்கட்டு, கிடைத்தது டொலர் கணக்கு

கிழக்கு மாகாணத்தில் வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்களின் கணக்குகளோடு பல ஆண்டுகள் மாரடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு கூட்டத்தில், பெரும்போக வெள்ளத்தில் வயலை இழந்த விவசாயிகள், உடைந்த அணைக்கட்டு ஏன் இன்னும் திருத்தப்படவில்லை என்றும் பயிரழிவுக்கான இழப்பீடு எப்போது கைக்கு வரும் என்றும் கேட்டார்கள். நாட்டுக்கு இத்தனை மில்லியன் டொலர் காலநிலை நிதி, அதாவது காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வெளியிலிருந்து வரும் பணம், கிடைக்கவிருக்கிறது என்று மேடையிலிருந்து பதில் வந்தது. சபை கைதட்டியது, கேள்வி கேட்டவரும் உட்கார்ந்துவிட்டார். ஆட்சிகள் மாறியும் மாறாத இந்தப் பதிலை இனியும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் பாலம் மாரிதோறும் நீரில் மூழ்க, புலிபாய்ந்தகல் பக்கத்து மக்கள் படகை நம்பியிருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் 2024 நவம்பரில் வீதியை மூடிய வெள்ளம் உழவு இயந்திரமொன்றை இழுத்துச் சென்றதில் மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். மழையின் கடுமைக்குக் காலநிலை மாற்றத்தைக் காரணம் காட்டலாம். வெள்ளம் பாயும் இடமென்று ஊரே அறிந்த பாதையை அப்படியே விட்டுவைத்ததற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அதற்கு ஒரு திணைக்களம் இருக்கிறது, ஒரு மதிப்பீடு இருக்கிறது, ஒதுக்கப்பட்ட அல்லது ஒதுக்கப்படாத பணம் இருக்கிறது. டொலர் தொகை காதில் விழுந்தவுடன் இந்த மூன்றும் மறந்துபோகின்றன.

அறிவித்த தொகை வந்துவிட்டது என்று படித்தவர்களே நம்புவதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. பயிர்க்கடனுக்கு விண்ணப்பித்த விவசாயியிடம் வங்கி முகாமையாளர் "பார்க்கலாம், தரலாம்" என்று சொன்ன அன்றே அவர் உரத்துக்குப் பணம் கட்டிவிட மாட்டார். அந்த நிதானம் அரசின் அறிவிப்பைக் கேட்கும்போது நமக்கு ஏனோ இருப்பதில்லை. சர்வதேசக் காலநிலை மாநாட்டில் வாக்குறுதி தரப்படுகிறது. பிறகு திட்ட முன்மொழிவு எழுதப்பட்டு, பணம் தரும் நிதியத்தின் சபை அதை அங்கீகரிக்க வேண்டும். அங்கீகரித்த பின் ஒப்பந்தம் கைச்சாத்தாக வேண்டும், ஒப்பந்தத்தின் முன்நிபந்தனைகள் நிறைவேற வேண்டும், அதன் பிறகே முதல் தவணை விடுவிக்கப்படும். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குரிய ஒதுக்கீடும் இருந்தாக வேண்டும். அப்புறம்தான் கேள்விப்பத்திரம், ஒப்பந்தகாரர், கடைசியாகப் பணம் செலுத்துவதற்காக எங்கள் மேசைக்கு வரும் உறுதிச்சீட்டு. இந்தப் பாதையில் ஆண்டுகள் கழியும். இடையில் ஒரே தொகை அங்கீகாரத்தின்போது ஒருமுறை, கைச்சாத்தின்போது ஒருமுறை, அடிக்கல் நாட்டும்போது இன்னொருமுறை எனப் புதுப்பணம் போலவே செய்தியாகும். மூன்றையும் கூட்டிப் பார்த்து மகிழ்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

"இலங்கைக்கு" என்று அறிவிக்கப்படும் பணம் நமது மாவட்டத்துக்கு வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. வளர்முக நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் சர்வதேச அமைப்பான பசுமைக் காலநிலை நிதியம் 2016 இல் உலர் வலயச் சிறு விவசாயிகளின் நீர் முகாமைத்துவத்துக்காக அங்கீகரித்த ஏறத்தாழ 38 மில்லியன் டொலர் உண்மையான கொடைதான். ஆனால் அது மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆகிய ஆற்றுப்படுகைகளுக்குரியது. நமது பக்கத்துக் குளங்களான உன்னிச்சைக்கும் நவகிரிக்கும் அதில் பங்கு தேடிப் பயனில்லை. 2019 இல் உலக வங்கி காலநிலைக்கேற்ற நீர்ப்பாசன விவசாயத்துக்கு வழங்கிய 125 மில்லியன் டொலரில் கிழக்கு மாகாணமும் அடங்கும். ஆனால் அந்தத் தொகை ஆறு மாகாணங்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் பிரிவது. அத்துடன் அது கடன். உலகளவிலும் அரசுகள் வழங்கும் காலநிலை நிதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடனாகவே வருகிறது. டொலர் 2022 இல் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது அந்தக் கடனின் ரூபாய்ச் சுமை எப்படிப் பெருத்தது என்பதைக் கைதட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மேடையில் ஒன்று சொல்லி வீட்டில் வேறொன்று செய்வதும், பழைய பணத்தைப் புதிய தலைப்பில் காட்டுவதும் செல்வந்த நாடுகளுக்கும் கைவந்த கலை. அன்றைய பிரித்தானியப் பிரதமர் ரிஷி சுனாக் 2023 செப்டெம்பரில் பசுமைக் காலநிலை நிதியத்துக்கு 2 பில்லியன் டொலர் அறிவித்துவிட்டு, அதே மாதத்திலேயே புதிய பெற்றோல், டீசல் கார்களின் விற்பனைத் தடையை 2030 இலிருந்து 2035 க்குத் தள்ளிவைத்தார். வேறு தலைப்புகளில் வழங்கிவந்த உதவியின் ஒரு பகுதியையும் காலநிலை உதவியாக எண்ணும்படி அவரது அரசு கணக்கிடும் முறையையும் அந்த ஆண்டில் மாற்றியது. நம் நாட்டிலோ, கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்த அதே 2022 இன் நவம்பரில், அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் சர்வதேசக் காலநிலைப் பல்கலைக்கழகமொன்றை முன்மொழிந்தார். அடுத்த மார்ச்சில் நடக்க வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை.

குறை சொன்னால் நிதி திரும்பிப் போய்விடும் என்று இங்கே ஒரு மிரட்டலும் உண்டு. நான் பார்த்தவரையில் காணி ஒப்படைக்கப்படாததாலும், கேள்விப்பத்திரம் இழுபட்டதாலும், திட்டக்காலம் முடியும்வரை செலவழிக்காததாலும்தான் பணம் திரும்பியிருக்கிறது. விவசாயி கேள்வி கேட்டதற்காக எந்த நிதியமும் பணத்தை மீளப் பெற்றதை நான் காணவில்லை. உலக வங்கியிடமும் பசுமைக் காலநிலை நிதியத்திடமும் பாதிக்கப்பட்ட மக்களின் முறைப்பாட்டைக் கேட்பதற்கென்றே தனி அமைப்புகள் இருக்கின்றன.

ஆகவே தயவுசெய்து கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: கடனா, கொடையா? ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டதா? இந்த ஆண்டு நமது மாவட்டத்துக்கு எவ்வளவு? வரவுசெலவு மதிப்பீட்டு நூலைத் திறந்து நிதிமூலக் குறியீட்டைப் பாருங்கள்; 12 என்றிருந்தால் வெளிநாட்டுக் கடன், 13 என்றிருந்தால் வெளிநாட்டுக் கொடை. ஊர்ச் செய்தியாளர்களே, அமைச்சின் அறிக்கையை அப்படியே பிரதி செய்து அனுப்பாதீர்கள். அதே திட்டம் முன்பு எப்போது அறிவிக்கப்பட்டது என்று பழைய செய்தியைத் தேடிப் பார்க்க அதிக நேரம் செல்லாது. கமக்காரர் அமைப்புகள் அணைக்கட்டின் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கான மதிப்பீடு, ஒதுக்கீடு, இதுவரையான செலவு ஆகிய மூன்றையும் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிய திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கட்டும். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்; அறிவிக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் பலனில்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தின் பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.