மல்டிடூல்: தமிழில் மடக்குக் கருவி

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் கடைக்குப் போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்போடு வந்திருந்தார். மேசை மேல் ஒரு மல்டிடூல் கிடந்தது. குறடு (கட்டிங் பிளேயர்), கத்தி, திருப்புளி (ஸ்க்ரூ டிரைவர்) எல்லாம் ஒன்றுக்குள் மடங்கியிருக்கும் பொருள் அது. அதை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தவர், "அண்ணா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டார். வாயில் வந்தபடி "பல்கருவி" என்றேன். "பல் டாக்டர் வெச்சிருப்பாரே, அதுவா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். 'மல்டி' இலத்தீனிலிருந்து வந்தது, 'பல' என்று பொருள். 'டூல்' பழைய ஆங்கிலச் சொல். ஆக்குதல், ஆயத்தம் செய்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. இரண்டையும் ஒட்டவைத்து உருவான பெயர்தான் மல்டிடூல்.

பொருளின் கதை இன்னும் சுவையானது. 1891-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தியை வழங்கத் தொடங்கியது. அதில் கத்தி, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி என நான்கு உறுப்புகள் இருந்தன. திருப்புளியை எதற்குச் சேர்த்தார்கள் தெரியுமா? வீரர்களின் புதுத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட அது வேண்டியிருந்தது. முதல் தொகுதிக் கத்திகள் ஜெர்மனியில் செய்யப்பட்டவை. பிறகு கார்ல் எல்செனர் அவற்றை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கினார். அவர் நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

ஆனால் அந்தக் கத்தியில் குறடு இல்லை. 1975-இல் ஐரோப்பாவில் பழைய காரில் சுற்றிக்கொண்டிருந்த டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கருக்கு அந்தக் குறை உறுத்தியது. பழுதான காரையும் ஒழுகும் தண்ணீர்க் குழாயையும் சரி செய்யக் கையில் ஒரு கத்திதான் இருந்தது, பிடித்துத் திருக ஒன்றும் இல்லை. ஊர் திரும்பிப் பல வருடம் உழைத்து, 1983-இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். நடுவில் குறடு, அதன் இரு கைப்பிடிகளுக்குள் மற்ற உறுப்புகள் என்று இன்று நாம் காணும் வடிவம் பரவியது அவரால்தான். பெரியமேட்டுத் தோல் மண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் 'லெதர்மேன்' என்றால் தோல் உறையோடு வருவதால் வந்த பெயர் என்று நினைக்கிறார்கள். அது அவருடைய குடும்பப் பெயர்.

சரி, தமிழுக்கு வருவோம். 'பன்னோக்குக் கருவி' என்று எழுதுகிறார்கள். பன்னோக்கு மருத்துவமனை பழகிய சொல் என்பதால் புரியும். ஆனால் பட்டறையில் யாரும் அப்படிக் கேட்டு வாங்கமாட்டார்கள். 'பல்கருவி' இலக்கணப்படி தவறில்லை. பல்லைக் குறித்தால் பற்பசை மாதிரி 'பற்கருவி' என்றாகியிருக்கும். ஆனால் காதில் விழும்போது அந்த மாணவருக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வரும்.

'பல' என்ற சொல் இங்கே தேவையே இல்லை என்பது என் முடிவு. தொல்காப்பியத்தில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதியில் இரண்டே சொல்லில் ஒரு நூற்பா இருக்கிறது: "கருவி தொகுதி". கருவி என்றால் தொகுதி, அதாவது பல சேர்ந்த கூட்டம். சங்கப் பாடல்களில் வரும் "கருவி வானம்" என்ற தொடருக்கு, இடியும் மின்னலும் சேர்ந்த தொகுதியை உடைய மேகம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். ராயபுரம், பெரம்பூர் என்று தொகுதி என்றாலே இன்று நமக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பழைய பொருளில் படித்துப் பாருங்கள். மழைக்கு வேண்டிய அத்தனையும் தனக்குள் வைத்திருக்கும் மேகம் கருவி வானம். வேலைக்கு வேண்டிய பலவற்றைத் தனக்குள் வைத்திருக்கும் பொருளுக்கும் கருவி என்ற சொல்லே போதும். ஆங்கிலம் முன்னால் ஒட்டிய 'மல்டி', நம் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் மற்ற கருவிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எது? மடங்குவது. இதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் எழுதும் முனை, மறுபுறம் ஓலையை வார, அதாவது நறுக்கிச் சீராக்க, ஒரு கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். எழுதுகிறவர் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போகலாம். தன் தொழிலுக்கு வேண்டியதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவர்கள் நம்மூரில் அன்றே இருந்திருக்கிறார்கள். அதனால் மல்டிடூலுக்கு நான் சொல்லும் தமிழ்: மடக்குக் கருவி. மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது உடனே வரும்.

உள்ளிருக்கும் உறுப்புகளுக்கும் நல்ல பெயர்கள் உண்டு. கட்டிங் பிளேயருக்குக் குறடு, பேச்சில் கொறடு. ஸ்க்ரூ டிரைவருக்குத் திருப்புளி. திருப்பு, உளி இரண்டும் சேர்ந்த சொல் அது, திருப்பும் உளி. சிலர் 'திருப்புலி' என்று எழுதுகிறார்கள், அது பிழை.

இடறுவது 'ஸ்டார்' என்ற சொல்லில்தான். நம் பட்டறைகளில் கூட்டல் குறி போன்ற தலையுள்ள பிலிப்ஸ் திருகாணியை ஸ்டார் என்கிறோம். ஆனால் ஆறு மடல் கொண்ட டார்க்ஸ் திருகாணியும் பார்வைக்கு நட்சத்திரம்தான். ஆப்பிள் லேப்டாப்பின் அடிப்பலகையில் ஐந்து மடல் உள்ள திருகாணி இருக்கும். கடைக்குப் பையனை அனுப்பி "ஸ்டார் வாங்கி வா" என்றால் எது வரும் என்று சொல்ல முடியாது. கூட்டல் திருப்புளி, ஆறிதழ்த் திருப்புளி, ஐயிதழ்த் திருப்புளி என்று பிரித்துச் சொன்னால் இந்தத் தொல்லை போகும்.

மடக்குக் கருவி வாங்கும்போது எத்தனை உறுப்புகள் என்று எண்ணாதீர்கள், உங்கள் வேலைக்கு வேண்டியவை தொகுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிலிப்ஸ் முனையின் அளவை பிஎச் என்று குறிப்பார்கள், எண் குறையக் குறைய முனை சிறியது. டெஸ்க்டாப் பெட்டியின் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் பிஎச்2 அளவு பொருந்தும். லேப்டாப்புக்குள் இருப்பவை சிறியவை. பிஎச்1, பிஎச்0 வேண்டும். தகவலைச் சேமிக்கும் மெல்லிய அட்டையான எம்.2 எஸ்எஸ்டியைப் பிடிப்பது 2 மில்லிமீட்டர் பருமனே உள்ள குட்டித் திருகாணி. நடைபாதையில் மலிவாக வாங்கிய ஒன்றின் பெரிய முனையை இப்படிப்பட்ட சின்னத் தலையில் வைத்து அழுத்தி, அதை மழுங்கடித்துவிட்டேன். அதைக் கழற்ற ஒரு மாலை முழுக்க ஆனது. முனையை மாற்றிப் பொருத்தும் வசதியுள்ளதாக வாங்குங்கள். விக்டோரினாக்ஸின் சைபர்டூல் கம்ப்யூட்டர் வேலையை மனத்தில் வைத்தே மாற்று முனைகளோடு வருகிறது.

ஆனாலும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான மடக்குக் கருவிகளில் திருப்புளி பக்கவாட்டில் விரியும். குழிக்குள் ஆழத்தில் இருக்கும் திருகாணியை அது எட்டாது, கைப்பிடி இடிக்கும். கடையில் நாள் முழுக்க வேலை செய்ய நீளமான தனித் திருப்புளிதான் சரி. போன இடத்தில் அவசரத்துக்கு உதவுவது மடக்குக் கருவி.

எடையையும் பாருங்கள். லெதர்மேன் வேவ் ப்ளஸ் என்ற மாடல் 241 கிராம். சட்டைப்பையில் வைத்தால் பை தொங்கும், இடுப்பு உறைக்குத்தான் பொருந்தும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகில் செய்ததையே வாங்குங்கள். கடல் காற்று மற்ற இரும்பை விடாது. உலோகக் கைப்பிடி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ப்ளக்கைப் பிடுங்காமல் அதைக் கம்ப்யூட்டருக்குள் நுழைக்கவே கூடாது. விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது. மெட்ரோ வாசலிலும் சோதனை உண்டு. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்குக் கத்தி இல்லாத வகைகள் இருக்கின்றன.

எழுதும்போது நடுவில் 'க்' மிகும்: மடக்குக் கருவி, மடக்குக் குறடு. திருப்புளிக்கு 'க்' வராது, அது மடக்குத் திருப்புளி, அங்கே மிகுவது 'த்'.