பழைய இணையதளம் சிறிய திரைக்குள் அடங்குவது எப்படி?

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திற்காக உருவாக்கப்பட்ட இணையதளத்தைக் கைபேசியில் திறந்தால், பக்கம் முழுவதும் தெரியும். ஆனால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் எழுத்து தெளிவாகும், வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். கைபேசியின் உலாவி தன் அகலத்தைக் கூட்டிச் சொல்வதே இதற்குக் காரணம்.

அக்காலத்துப் பக்கங்கள் மேசைக் கணினியை மனத்தில் கொண்டு, 960 பிக்சல் போன்ற ஒரு நிலையான அகலத்தில் அமைக்கப்பட்டன. 2007இல் வெளிவந்த ஐபோனின் திரை அகலமோ 320 பிக்சல்தான். உள்ள அகலத்தைச் சொன்னால் பழைய பக்கங்கள் குலைந்துவிடும் என்பதால், அதன் சஃபாரி உலாவி 980 பிக்சல் அகலமுள்ள கற்பனைத் திரை ஒன்றில் பக்கத்தை அமைத்து, அதை அப்படியே சுருக்கிக் காட்டியது. அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது, 16 பிக்சல் எழுத்து ஏறத்தாழ 5 பிக்சலாகிவிடுகிறது. ‘வியூபோர்ட்’ எனப்படும் ஒற்றை வரிக் குறிப்பைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்த்தால் உலாவி உண்மையான அகலத்தை ஏற்கும். அதை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்தினால், நிலையான அகலம் கொண்ட பத்திகள் திரையைத் தாண்டி வழியும். மறுவடிவமைப்பின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

2010இல் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் இதற்கு ஒரு வழியை முன்வைத்து, அதற்கு ‘ரெஸ்பான்சிவ்’ வடிவமைப்பு என்று பெயரிட்டார். 960 பிக்சல் பக்கத்தில் 640 பிக்சல் பிடித்திருந்த பத்தியை, பக்க அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று விகிதமாக எழுத வேண்டும். அப்போது திரை எந்த அகலமானாலும் பத்தி அதற்கேற்ப விரியும், சுருங்கும். விகிதம் மட்டும் போதாத இடங்களில், அதாவது இரண்டு பத்திகள் அருகருகே நிற்க முடியாதபடி திரை ஒடுங்கும்போது, ‘மீடியா குவெரி’ என்னும் நிபந்தனை அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். எந்த அகலத்தில் இந்த மாற்றம் நிகழ வேண்டும் என்பதைப் பலர் அன்றைய கைபேசி மாடல்களைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. மாடல்கள் ஆண்டுதோறும் மாறும். ஆகவே சாளரத்தை மெல்ல ஒடுக்கிக்கொண்டே வந்து, உள்ளடக்கம் எங்கே நெருக்கப்படுகிறதோ அங்கே எல்லையை வைப்பதே நீடிக்கும்.

படங்களில் வேறொரு நுட்பம் உண்டு. 2010இல் வந்த ஐபோன் 4இன் திரையில் உண்மையில் 640 புள்ளிகள் இருந்தும், பக்கங்களுக்கு அது 320 பிக்சலாகவே தன்னை அறிவித்தது. அத்தகைய திரையில் படம் கூர்மையாகத் தெரிய, நீளத்திலும் அகலத்திலும் இருமடங்கு, ஆக நான்கு மடங்கு புள்ளிகள் தேவை. எல்லோருக்கும் அந்தப் பெரிய படத்தையே அனுப்புவது வீண் சுமை என்பதால், ஒரே படத்தின் பல அளவுகளைக் குறிப்பிட்டு, தனக்கு ஏற்றதை உலாவியே தேர்ந்தெடுக்க விடுகிறார்கள்.

சுட்டியை மேலே வைத்தால் மட்டுமே விரியும் பட்டியல்களைத் தொடுதிரைக்கு மாற்ற வேண்டும். அசைவூட்டங்களுக்குப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த பகுதிகள், 2020ஆம் ஆண்டின் முடிவில் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டதால், புதிதாகவே எழுதப்பட வேண்டியவை.

தோற்றத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது பக்கங்களின் முகவரிகள். நெடுங்காலம் இயங்கிய தளத்தின் பக்கங்களுக்குப் பிற தளங்களிலிருந்தும், மின்னஞ்சல்களிலிருந்தும், அச்சிட்ட கையேடுகளிலிருந்தும் இணைப்புகள் இருக்கும். புதிய அமைப்பில் முகவரி மாறும்போது, ‘301’ என்ற குறியீட்டுடன் பக்கம் நிரந்தரமாக இடம்பெயர்ந்ததைச் சர்வர் தெரிவித்தால், உலாவி புதிய இடத்திற்குத் தானே செல்லும். தேடுபொறியும் தன் பதிவைத் திருத்திக்கொள்ளும். அப்படிச் செய்யாவிட்டால் வாசகர் காண்பது ‘404’, அதாவது பக்கம் இல்லை என்ற செய்தி மட்டுமே. எனவே சர்வரின் பதிவேட்டிலிருந்து மக்கள் உண்மையில் கேட்கும் முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கத்தையே சென்றடைகிறதா என்று வெளியீட்டுக்கு முன்பே சோதிக்க வேண்டும். பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிட்டால், பத்தாண்டுக்கு முந்தைய கையேடு ஒன்றைத் தேடி வந்தவர் அங்கே எதையும் கண்டடைய மாட்டார்.