சென்னைப் பைக்குக்கு ஏன் 240 வோல்ட்?

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதன் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் கேபிள் நல்ல தடிமனாக இருக்கும். அங்கிருந்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் போவதோ சாதாரண மெல்லிய வயர். இரண்டிலும் ஓடும் பவர் ஏறக்குறைய ஒன்றுதான். வீடு 600 வாட் இழுக்கிறது என்றால், 12 வோல்ட் பேட்டரிப் பக்கம் 50 ஆம்பியர் பாய வேண்டும். 230 வோல்ட் பக்கம் 3 ஆம்பியர்கூடத் தேவையில்லை.

இந்த எளிய கணக்கின் மேல்தான் சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளைக் கட்டியிருக்கிறது. ராப்டீ.எச்வி என்ற அந்த ஸ்டார்ட்அப், 2024 அக்டோபரில் டி30 என்ற எலெக்ட்ரிக் பைக்கை 2.39 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகப்படுத்தியது. பேட்டரி 5.4 கிலோவாட் மணி, உச்ச பவர் 22 கிலோவாட், உச்ச வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர். 250 முதல் 300 சிசி பெட்ரோல் பைக்குகளோடு போட்டி போடும் என்கிறது நிறுவனம். இந்த எண்களைவிட என்னைக் கவர்ந்தது பெயரோடு ஒட்டியிருக்கும் எச்வி. உயர் மின்னழுத்தம் என்பதன் சுருக்கம் அது. நம் ஊர் மின்சார இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை 48 முதல் 72 வோல்ட்டில் ஓடும்போது, இது 240 வோல்ட்டில் ஓடுகிறது.

சரி, வோல்ட்டைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? பவர் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. 22 கிலோவாட்டை 72 வோல்ட்டில் எடுக்க 300 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 240 வோல்ட்டில் 92 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் லாபம் இன்னும் பெரிது. ஆம்பியர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது, அதே கம்பியில் அந்தச் சூடு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்பாதையை 800 கிலோவோல்ட்டில் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலரும் இதில் குழம்புகிறார்கள். மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருளில் இந்த லாபம் கிடைக்காது. மின்காந்தத்தின் வலு, ஆம்பியரையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அமைவது. அதிக வோல்ட்டுக்கு மெல்லிய கம்பியை நிறைய சுற்றுவார்கள், குறைந்த வோல்ட்டுக்குத் தடித்த கம்பியைக் கொஞ்சமாகச் சுற்றுவார்கள். மோட்டாரின் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். லாபமெல்லாம் மோட்டாருக்கு வெளியே: கேபிளில், இணைப்புகளில், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து அனுப்பும் கன்ட்ரோலருக்குள் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகளில்.

வேகத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சுழலும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும்கூட. அது தானே ஒரு வோல்ட்டை உண்டாக்கி, பேட்டரியை எதிர்த்துத் தள்ளும். வேகம் ஏற ஏற அந்த எதிர் வோல்ட்டும் ஏறும். அது பேட்டரியின் வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே கரண்டைத் தள்ள ஆளில்லாமல் போய், வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும். சுற்றுகளைக் குறைத்தால் எதிர் வோல்ட் குறையும், ஆனால் அதே இழுவைக்கு ஆம்பியர் கூடும், கேபிள் மறுபடி சூடாகும். 240 வோல்ட் இருந்தால் இந்தச் சுழலில் சிக்காமலேயே மோட்டாரை வேகமாகச் சுற்றவிடலாம்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது சார்ஜிங். கார்களுக்கான வேக சார்ஜர்கள் சிசிஎஸ்2 என்ற முறையில் இயங்குகின்றன. அவற்றில் பல 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதனால் 72 வோல்ட் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் போனாலும் பயனில்லை, இருசக்கர வண்டிக்கென்று தனி சார்ஜர் தேட வேண்டும். 240 வோல்ட் பேட்டரிக்கு அந்தத் தடை கிடையாது. டி30 அதே சிசிஎஸ்2 செருகியோடுதான் வருகிறது. ஒரு சின்ன நிறுவனம் ஊர் ஊராகத் தன் சார்ஜர்களை நடப் பணத்துக்கு எங்கே போகும்? கார்களுக்காக ஏற்கெனவே நட்டு வைத்த சார்ஜர்களைத் தன் வண்டிக்கும் ஆக்கிக்கொண்டது உண்மையிலேயே புத்திசாலித்தனம்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒரு லித்தியம் செல் சுமார் 3.6 வோல்ட் தரும் என்று வைத்துக்கொண்டால், 72 வோல்ட்டுக்கு 20 செல்களைத் தொடராகக் கோர்த்தால் போதும். 240 வோல்ட்டுக்கு 67 வேண்டும். தொடரில் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓடும் என்பதால், மிகவும் தளர்ந்த செல் காலியானதும் மற்றவற்றில் சார்ஜ் மிச்சமிருந்தாலும் வண்டி நின்றாக வேண்டும். ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துச் சமப்படுத்துவது பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகையின் வேலை. தொடர் நீளும்போது அந்த வேலையும் கூடுகிறது.

அப்புறம் பாதுகாப்பு. பேட்டரி தரும் நேர்மின்னோட்டம் (டிசி) 60 வோல்ட்டைத் தாண்டினாலே அதை ஆபத்தானதாகத்தான் வாகன விதிகள் எடுத்துக்கொள்கின்றன. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி தானாக அணைய ஒரு வாய்ப்பு உண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த இடைவெளியே இல்லை, பொறி நீண்டு எரியும். அதனால்தான் இத்தகைய வண்டிகளில் கான்டாக்டர் என்ற தனி வகை சுவிட்ச் வைக்கிறார்கள். கார்களில் இந்தக் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதும், பழுது பார்ப்பவர் கண்ணில் உடனே பட வேண்டும் என்பதற்காகத்தான். தெருமுனை மெக்கானிக் தைரியமாக ஸ்பேனரோடு உட்காரக்கூடிய வண்டி இல்லை இது. அவர்களுக்கு முறையான பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது என் கவலை.

ஒன்றை மட்டும் வோல்ட் மாற்றாது: பேட்டரிக்குள் இருக்கும் ஆற்றல். 5.4 கிலோவாட் மணி என்றால் நம் மின் கட்டணக் கணக்கில் 5.4 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விட்டுவிடும், மின் மோட்டார் 90 சதவீதம் அளவுக்குச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். அதனால்தான் முக்கால் லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலை வைத்துக்கொண்டு, நடைமுறையில் 150 கிலோமீட்டர் ஓடும் என்று நிறுவனத்தால் சொல்ல முடிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 36 வாட் மணி.

அந்த 150 என்பது நிதானமான வேகத்துக்கான எண் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ரோட்ஸ்டர் வகைப் பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சே காற்றுக்குத் தடுப்பு. 50-லிருந்து 100-க்குப் போனால் காற்றை எதிர்க்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்கு. சென்னையிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்ப ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் சார்ஜரைத் தேட வேண்டியிருக்காது. புதுச்சேரி என்றால் வழியில் ஏதாவது ஒரு கார் சார்ஜரில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.